கடல் கடந்த கைலியும் கரையில் தங்கிய ஓலைப்பெட்டியும்



மலேசியாவில் ஒரு துணிக்கடைக்குச் சென்று, ஆண்கள் தொழுகைக்கு உடுத்தும் கட்டம் போட்ட கைலியைக் கேட்டால், ‘கைன் பெலிகாட்’ என்று கூறி எடுத்துத் தருவர். இந்தோனேசியாவில் அதன் பெயர் ‘சாருங் பலேகாட்’. இலங்கையில் ‘பளையகாட் சாரம்’. நாடு மூன்று, நாவு மூன்று; ஆயினும் மூன்று சொற்களும் சுட்டுவது ஒரே ஊரை. அது சென்னைக்கு வடக்கே ஏறத்தாழ 60 கிலோமீட்டர் தொலைவில், ஏரிக்கும் கடலுக்கும் இடையே கிடக்கும் நம் பழவேற்காடு.

அந்த ஊருக்கு இன்று சென்று பார்ப்போர் கைலியை எதிர்பார்த்துச் செல்வதில்லை. அங்கே இறாலும் நண்டும் மடவையும் ஏலம் போகின்றன. டச்சுக்காரரின் கல்லறைகளைப் படம் எடுக்கச் சிலர் வருகின்றனர். பூநாரைகளைக் காணப் பலர் வருகின்றனர். கடல் கடந்து பல முஸ்லிம் இல்லங்களில் புழங்கும் ஒரு துணிக்குத் தன் பெயரைக் கொடுத்த ஊரில் அந்தத் துணி இல்லை. ஆனால் அதே ஊரின் முஸ்லிம் வீடுகளுக்குள், பெண்களின் விரல்களில், வேறொரு கைத்தொழில் இன்றும் உயிரோடு இருக்கிறது. பனங்குருத்தைக் கிழித்து, சாயமேற்றி, முடைந்து, நிக்காஹ் வீட்டுக்கும் பெருநாள் வீட்டுக்கும் பெட்டி செய்யும் தொழில் அது.

புகழ்பெற்ற துணி ஊரை விட்டுப் போனது. புகழ் பெறாத ஓலை ஊரிலேயே தங்கியது. இது ஏன் நிகழ்ந்தது என்பதை அறிந்துகொண்டால், தங்கியதை இனி இழக்காமல் காக்கும் வழியும் நமக்குத் தெரியவரும்.

ஏரியும் துறையும்

பழவேற்காடு ஏரி, ஒடிசாவின் சில்கா ஏரிக்கு அடுத்து நம் நாட்டின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி. அதன் பெரும்பகுதி ஆந்திரத்திலும் தென்பகுதி தமிழகத்திலும் உள்ளது. ஸ்ரீஹரிகோட்டா என்னும் நீண்ட மணல்தீவு அதனை வங்கக் கடலினின்றும் பிரிக்கிறது. பெருங்கப்பல்கள் ஏரிக்குள் நுழைவதில்லை. அவை கடலிலேயே நங்கூரமிட்டு நிற்க, சிறு படகுகள் முகத்துவாரத்தின் வழியே சரக்கைக் கரைக்கும் கப்பலுக்குமாகக் கொண்டு சென்றன.

இங்குள்ள முஸ்லிம் குடும்பங்களிடையே, தம் முன்னோர் அரபு நாட்டிலிருந்து மரக்கலமேறி வந்து இக்கரையில் குடியமர்ந்தனர் என்னும் வாய்மொழி வழக்கு உண்டு. வந்தவர் எத்தனை பேர், வந்த ஆண்டு எது என்னும் ஆராய்ச்சிக்குள் நாம் இறங்கவில்லை. 16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கே முஸ்லிம் வணிகர் பெருந்தொகையினராக வாழ்ந்தனர் என்பதற்கு எழுத்துச் சான்றே இருக்கிறது. 1516ஆம் ஆண்டளவில் தம் குறிப்புகளை எழுதி முடித்த துவார்த்தே பார்போசா என்னும் போர்த்துகீசியர், பழவேற்காடு விஜயநகர மன்னருக்கு உரிய துறைமுகம் என்றும், முஸ்லிம்களும் பிற சமயத்தவரும் அங்கே வணிகம் செய்கின்றனர் என்றும், பல நிற ஓவியம் தீட்டிய பருத்தித் துணிகள் அங்கே மிகுதியாகச் செய்யப்பட்டு மலாக்கா, பெகு, சுமத்ரா ஆகிய இடங்களுக்குச் செல்கின்றன என்றும் குறித்துள்ளார். பெகு என்பது இன்றைய மியன்மாரில் இருந்த அரசு. அங்கிருந்து மாணிக்கக் கற்களும் கஸ்தூரியும் திரும்பி வந்தன.

துணியைக் கொண்டு சென்றவர்களுள் முஸ்லிம் மரக்கலத்தாரும் செட்டி வணிகரும் இருந்தனர். நெய்தவர் பெரும்பாலும் உள்நாட்டு ஊர்களில் வாழ்ந்த கைக்கோளர், தேவாங்கர் போன்ற நெசவுக் குடியினர். சாயம் தோய்த்தவர் வேறு சிலர். ஆகவே பழவேற்காட்டுத் துணி என்பது எந்த ஒரு சமூகத்தின் தனிச்சொத்தும் அன்று. பல கைகள் கூடிச் செய்த பொருள் அது.

சாயவேரின் சிவப்பு

பருத்தி எங்கும் விளைகிறது. தறி எங்கும் உண்டு. பழவேற்காட்டுத் துணியைத் தேடிக் கடல் கடந்து வந்ததற்குக் காரணம் அதன் நிறம். சோழமண்டலக் கடற்கரையின் மணற்பாங்கான நிலங்களில் சாயவேர் என்னும் சிறு செடி வளர்கிறது. அதன் மெல்லிய வேரைத் தோண்டி எடுத்து, உலர்த்தி, இடித்துக் கொதிக்க வைத்தால் சிவப்புச் சாயம் கிடைக்கும். ஆனால் வெறும் வேரைக் கொதிக்க வைத்தால் அந்தச் சிவப்பு நிலைக்காது. துணியைக் கடுக்காய்ச் சாற்றிலும் எருமைப் பாலிலும் ஊறவைத்து, படிகாரம் ஏற்றி, வெயிலில் உலர்த்தி, அதன் பின்னரே சாயத்தில் இடுவர். கட்டம் போட்ட துணிகளுக்கு நூலையே முதலில் சாயமேற்ற வேண்டும். அதற்கு எண்ணெயிலும் சாம்பற்காரத்திலும் நூலைத் திரும்பத் திரும்பத் தோய்த்து எடுக்கும் நீண்ட வேலை இருந்தது. நீல நிறத்துக்கு அவுரி.

இத்தனை உழைப்புக்கும் பயன் ஒன்றே: துவைக்கத் துவைக்க நிறம் மங்காத துணி. ஈரமும் மழையும் மிகுந்த மலாய்த் தீவுகளில் அடிக்கடி துவைத்து உடுத்த வேண்டிய மக்களுக்கு அதன் மதிப்பு நன்கு தெரிந்திருந்தது. ஒளு செய்து உடுத்தும் தூய ஆடையாகவும், பெருநாள் காலையில் பள்ளிவாசலுக்கு அணிந்து செல்லும் ஆடையாகவும் அங்கே கட்டம் போட்ட கைலி நிலைபெற்றது. துணி வந்த துறையின் பெயரே துணியின் பெயராயிற்று.

அந்தப் பெயர் மேற்கேயும் பயணம் செய்தது. கட்டம் போட்ட சதுரக் கைக்குட்டைகளை ஆங்கிலேயர் ‘புலிகாட்’ என்றே அழைத்தனர். 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரைச் சுற்றிய நெசவாளர்கள் அதே மாதிரியைத் தம் தறிகளில் நெய்து, அதே பெயரில் விற்கத் தொடங்கினர். ஊரிலிருந்து துணி போக, துணியிலிருந்து பெயர் பிரிந்து, பெயர் மட்டும் தனியே வாழத் தொடங்கிய காலம் அது.

கோட்டையின் நிழல்

1610ஆம் ஆண்டில் டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியார் விஜயநகர மன்னர் வேங்கடபதியிடம் அனுமதி பெற்றுப் பழவேற்காட்டில் பண்டகசாலை அமைத்தனர். போர்த்துகீசியர் அதைத் தாக்கவே, 1613இல் கெல்ட்ரியா என்னும் கோட்டை எழுந்தது. அப்போது அங்கே தலைவராக இருந்த வெம்மர் வான் பெர்செம் என்பவரின் சொந்த மாகாணமான கெல்டர்லாந்தின் பெயரே கோட்டைக்கு இடப்பட்டது. டச்சுக்காரருக்கு வேண்டியிருந்தது கிராம்பும் சாதிக்காயும். அவை விளைந்த மலுக்குத் தீவுகளின் மக்களோ பணத்தை விடத் துணியையே விரும்பினர். எனவே சோழமண்டலத் துணியை வாங்கி அங்கே கொடுத்து, வாசனைப் பொருளைப் பெற்று ஐரோப்பாவில் விற்றனர். 1690 வரை சோழமண்டலக் கரையில் டச்சுக்காரரின் தலைமையிடமாகப் பழவேற்காடே விளங்கியது.

இந்த வரலாற்றைப் பெருமையோடு மட்டும் பேசுவது நேர்மையாகாது. அதே கோட்டையிலிருந்து, அதே முகத்துவாரத்தின் வழியே, பஞ்சத்தாலும் போராலும் விலைப்பட்ட ஏழை மக்கள் அடிமைகளாகக் கப்பலேற்றப்பட்டனர். நெசவாளர் நிலையும் இனிதாக இருக்கவில்லை. கம்பெனி வணிகரிடம் முன்பணம் கொடுக்கும். வணிகர் நெசவாளரிடம் கொடுப்பர். நெசவாளர் குறித்த நாளில் குறித்த அளவுத் துணியைத் தர வேண்டும். மழை பொய்த்துப் பருத்தியும் அரிசியும் விலையேறினால் முன்பணம் வயிற்றுக்கே போய்விடும். துணி குறைந்தால் கடன் நிற்கும். உலகமெங்கும் புகழ்பெற்ற துணியை நெய்தவன் தன் தறியின் முன்னே கடனாளியாக அமர்ந்திருந்தான். நெய்தோர் பெயர் ஒன்றையும் நாம் துணியின் பெயரோடு சேர்த்து அறிய முடிவதில்லை. வாங்கியோர் பெயரும் விற்றோர் பெயருமே கணக்குப் புத்தகங்களில் நிற்கின்றன.

வந்த வேகத்திலேயே வணிகம் விலகவும் செய்தது. 1639இல் ஆங்கிலேயர் தெற்கே சென்னையில் இடம் பெற்று ஜார்ஜ் கோட்டையைக் கட்டினர். நெசவாளரையும் சாயக்காரரையும் தம் பக்கம் அழைத்தனர். 1734இல் நெசவாளருக்கென்றே சிந்தாதிரிப்பேட்டை என்னும் குடியிருப்பை உண்டாக்கினர். 1690இல் டச்சுக்காரர் தம் தலைமையிடத்தை நாகப்பட்டினத்துக்கு மாற்றினர். இறுதியில் 1825இல் பழவேற்காடு ஆங்கிலேயர் வசமாயிற்று. பின்னர் இங்கிலாந்தின் ஆலைத் துணி வந்தது. கோட்டை மண்மேடாயிற்று. முகத்துவாரம் மணலால் அடைபடுவதும் திறப்பதுமாக இருந்தது. இன்று கைலி என்றால் குடியாத்தம், குறிஞ்சிப்பாடி போன்ற ஊர்களின் பெயரே நினைவுக்கு வருகிறது. பெலிகாட் என்னும் பெயரில் விற்கும் துணியில் பெரும்பகுதி இந்தோனேசிய ஆலைகளிலும் பிற இடங்களிலும் உருவாகிறது.

தொலைவிலிருந்து வரும் வணிகனை நம்பி வாழ்ந்த தொழில், வணிகன் போனதும் அவனோடு போய்விட்டது. பழவேற்காட்டுத் துணியின் வரலாறு நமக்குச் சொல்வது இதைத்தான்.

வீட்டுக்குள் வாழ்ந்த தொழில்

இனி ஓலைக்கு வருவோம். பழவேற்காட்டைச் சுற்றிய மணல்மேடுகளில் பனை தானாகவே வளர்கிறது. அதற்கு நீர் பாய்ச்ச வேண்டியதில்லை; உரம் இட வேண்டியதில்லை. மீனவக் குப்பங்களின் அன்றாட வாழ்க்கையே ஓலையோடு பிணைந்திருந்தது. குடிசைக்குக் கூரை, படுக்கப் பாய், வீச விசிறி, மீன் சுமக்கக் கூடை, கருவாடு வைக்கக் கடகம். ஏரியில் இறங்கிக் கையால் தடவி இறால் பிடிப்போர், பிடித்த இறாலைப் போட்டுக்கொள்ளப் ‘பறி’ என்னும் சிறு ஓலைப்பையைப் பல்லால் கடித்துக்கொண்டு வேலை செய்தனர்.

முஸ்லிம் இல்லங்களில் இந்த ஓலைவேலை இன்னும் நுணுக்கமான வடிவம் பெற்றது. வெளியே சென்று வேலை செய்யும் வழக்கம் இல்லாத பெண்கள், சமையலுக்கும் தொழுகைக்கும் இடைப்பட்ட நேரங்களில் முற்றத்தில் அமர்ந்து முடைந்தனர். உம்மாவின் அருகே அமர்ந்து மகள் கற்றாள். மகளின் அருகே பேத்தி கற்றாள். இதற்குப் பள்ளிக்கூடம் இல்லை, பாடநூல் இல்லை.

வேலையின் முறையைச் சற்று விரிவாகக் கூறுவோம். பெட்டி முடைந்ததைப் பார்த்திராத பிள்ளைகள் நம் வீடுகளில் பெருகிவிட்டனர். பனையின் உச்சியில், விரியாமல் கூம்பி நிற்கும் குருத்தோலையே இதற்கு ஏற்றது. முற்றிய ஓலை முரடானது; மடக்கினால் முறியும். ஒரு மரத்தில் அளவோடுதான் குருத்து எடுக்க வேண்டும். மிகுதியாக எடுத்தால் மரம் நலியும். வெட்டிய குருத்தை வெயிலில் உலர்த்தினால் பச்சை நீங்கி வெளிர் மஞ்சள் நிறம் பெறும். பின்னர் ஒவ்வோர் ஓலையின் நடுவிலும் ஓடும் ஈர்க்கை நீக்கி, கத்தியால் ஒரே அகலத்தில் கீற்றுகளாக வார்வர். கீற்று எத்தனை மெல்லியதோ, பெட்டி அத்தனை அழகு. உழைப்பும் அத்தனை மிகுதி. கொதிநீரில் சாயத்தைக் கரைத்து, வேண்டிய கீற்றுகளை அதில் இட்டுச் சிவப்பு, பச்சை, ஊதா எனச் சாயமேற்றி நிழலில் உலர்த்துவர்.

முடையும் முன் கீற்றுகளின் மீது நீர் தெளித்து ஈரத்துணியில் சுற்றி வைப்பர். ஈரம் குறைந்தால் ஓலை முறியும். மிகுந்தால் பூஞ்சணம் பிடிக்கும். அந்த அளவை விரல்தான் அறியும். அடிப்பாகத்தைச் சதுரமாக முடைந்து, நான்கு மூலைகளிலும் கீற்றுகளை மேல்நோக்கித் திருப்பிப் பக்கங்களை எழுப்புவர். உரிய உயரம் வந்ததும் நுனிகளை மீண்டும் உள்ளே மடக்கிச் செருகுவதால் பெட்டி இரட்டைச் சுவராகிறது. ஆணியோ பசையோ இல்லை. மூடியைப் பெட்டியை விடச் சிறிது பெரிதாக முடைய வேண்டும். தளர்ந்தால் கழன்று விழும்; இறுகினால் திறக்க வராது.

இந்தப் பெட்டிகள் நம் இன்ப துன்பங்களோடு கூடவே வந்தன. நிக்காஹ் நாளில் பேரீச்சம்பழமும் கற்கண்டும் பெட்டியில் வைத்து வந்தோர்க்கு வழங்கப்பட்டன. மணமகளின் துணிமணியும் நகையும் மூடிப்பெட்டியில் மணமகன் வீடு சென்றன. பெருநாளில் பலகாரம் அண்டை வீடுகளுக்கு, முஸ்லிம் வீடென்றும் மீனவர் வீடென்றும் வேறுபாடின்றி, ஓலைப்பெட்டியில் சென்றது. திரும்பி வரும்போது அப்பெட்டி வெறுமையாக வருவதில்லை. அந்த வீட்டார் தம்மிடம் உள்ளதை வைத்தே அனுப்புவர். பெட்டி மறுநாளும் பயன்பட்டது. மறு ஆண்டும் பயன்பட்டது.

பிளாஸ்டிக் வந்தபோது ஓலை முதலில் எங்கே தோற்றது என்பதைக் கவனிக்க வேண்டும். மீன்கூடை போயிற்று, கடகம் போயிற்று, கூரை போயிற்று. அன்றாடப் புழக்கம் முழுவதையும் மலிவான பொருள் விழுங்கிவிட்டது. கொண்டாட்டத்துக்குரிய பெட்டியே கடைசிவரை தாக்குப்பிடித்தது. நிக்காஹ் வீட்டிலும் பெருநாள் வீட்டிலும் மக்கள் விலை மலிவை மட்டும் பார்ப்பதில்லை. அழகையும் நினைவையும் பார்க்கின்றனர். பின்னாளில் கூட்டுறவு முயற்சிகளும் தொண்டு அமைப்புகளும் பெண்களுக்குப் பயிற்சி தந்து, பெட்டிகளை நகரக் கடைகளுக்கும் அனுப்பத் தொடங்கின. ஆயினும் தொழிலின் வேர், அதைத் தம் வீட்டு விழாவுக்குக் கேட்டு வாங்கிய குடும்பங்களிடமே இருந்தது.

துணி பெருவணிகத்தை நம்பியது. ஓலை வீட்டு விழாவை நம்பியது. எனவே ஒன்று போக, ஒன்று நின்றது.

முந்தையோர் கையில் ஓலை

ஓலை முடைவதை ஏழைகளின் வேலை என்றும், துணி வணிகத்தைக் கண்ணியமான வேலை என்றும் கருதும் போக்கு நம்மிடையே உண்டு. மார்க்கத்தின் ஒளியில் பார்த்தால் இந்த எண்ணம் நிலைக்காது. நபி (ஸல்) அவர்கள் ‘கும்ரா’ என்னும் சிறு விரிப்பின் மீது தொழுதார்கள் என அன்னை மைமூனா (ரலி) அறிவித்துள்ளார்கள். அது பேரீச்ச ஓலையால் முடையப்பட்ட விரிப்பு. அவர்கள் சாய்ந்திருந்த பாயின் தடம் அவர்களுடைய திருமேனியில் பதிந்திருந்ததைக் கண்டு உமர் (ரலி) அவர்கள் கண்ணீர் விட்ட செய்தியும் நாம் அறிந்ததே.

ஸல்மான் அல்ஃபார்ஸீ (ரலி) அவர்களின் வாழ்வு நம் பொருளுக்கு இன்னும் நெருக்கமானது. அவர்கள் மதாயின் நகரின் ஆளுநராக இருந்தபோதும், தமக்குக் கிடைத்த ஊதியத்தைத் தர்மம் செய்துவிட்டு, ஓலை முடைந்து அந்த வருவாயில் உண்டார்கள் என வரலாற்றாசிரியர்கள் எழுதியுள்ளனர். ஒரு திர்ஹமுக்கு ஓலை வாங்கி, முடைந்து மூன்று திர்ஹமுக்கு விற்பார்கள். ஒரு திர்ஹம் மீண்டும் ஓலை வாங்க, ஒன்று குடும்பத்துக்கு, ஒன்று தர்மத்துக்கு. முதலைத் தின்றுவிடாமல், குடும்பத்தையும் ஏழையையும் மறவாமல் நடத்திய இந்தக் கணக்கு, ஒரு கைத்தொழில் பிழைத்திருப்பதற்கான முழுப் பாடமாகும்.

துணிக்கும் ஒரு செய்தி உண்டு. ஒரு பெண்மணி தம் கையால் நெய்த, கரையுள்ள போர்வை ஒன்றை நபி (ஸல்) அவர்களிடம் கொண்டுவந்து கொடுத்தார். அது அவர்களுக்குத் தேவையாகவும் இருந்தது, உடுத்திக்கொண்டு வந்தார்கள். ஒருவர் அதைக் கேட்கவே கொடுத்துவிட்டார்கள். கேட்டவரோ, அதைத் தம் கஃபனாக ஆக்கிக்கொள்ளவே விரும்பினார், அவ்வாறே நிகழ்ந்தது. ஸஹ்ல் பின் ஸஅத் (ரலி) அறிவிக்கும் இந்த நிகழ்ச்சியில் அப்பெண்மணியின் பெயர் இடம்பெறவில்லை. ஆனால் அவர் தம் கையால் நெய்தார் என்பது சொல்லப்பட்டிருக்கிறது. பெயர் மறைந்தாலும் கையுழைப்பை மறவாதிருக்கும் பண்பை அங்கே காண்கிறோம். பழவேற்காட்டின் பெயரறியா நெசவாளருக்கும், இன்று முற்றத்தில் அமர்ந்து முடையும் பெண்களுக்கும் நாம் குறைந்த அளவு அந்த மதிப்பையாவது தர வேண்டும்.

பெயர் நெய்த பாயும் பிற சான்றுகளும்

கைத்தொழில் பிழைப்பது விழாவை நம்பியே என்னும் நம் கருத்துக்குத் தமிழகத்திலேயே வேறு சான்றுகளும் உள்ளன. திருநெல்வேலி மாவட்டத்துப் பத்தமடையில் நம் லெப்பைச் சமூகத்தார் கோரைப்புல்லை நுண்ணிய இழைகளாகக் கிழித்து, பட்டுப் போன்ற பாய் நெய்கின்றனர். அங்கே மணமக்களின் பெயரையும் மண நாளையும் பாயிலேயே நெய்து தருவது வழக்கம். தமிழகத்தில் சமயம் கடந்து பல வீட்டார் திருமணத்துக்கென்று அந்தப் பாயை வாங்குகின்றனர். படுக்கப் பாய் மட்டுமே நெய்திருந்தால் பத்தமடை என்றோ ஓய்ந்திருக்கும். மணப்பாயே அதைக் காத்து நிற்கிறது.

செட்டிநாட்டின் ஓலைக் கொட்டானும் அவ்வாறே. நகரத்தார் இல்லச் சடங்குகளில் இடம்பெற்ற கொட்டான் ஒரு காலத்தில் மறையும் நிலைக்கு வந்தது. அப்பகுதியில் சிலர் முயன்று பெண்களுக்குப் பயிற்சி அளித்து மீட்டெடுத்தனர். இன்று அது புவிசார் குறியீடு பெற்ற பொருள். பத்தமடைப் பாயும் அந்தக் குறியீட்டைப் பெற்றுள்ளது. கடற்கரையில் தெற்கே கீழக்கரையிலும் நம் பெண்கள் வண்ண ஓலையில் பெட்டி முடைந்து வந்துள்ளனர். ஆகவே பழவேற்காட்டுப் பெட்டி தனித்து நிற்கும் ஒன்றன்று. தமிழ்க் கடற்கரை நெடுகப் பரவிய ஒரு கைத்திறனின் வடகோடி அது.

இன்றைய நிலையும் நம் கடமையும்

இப்போது இத்தொழிலை நெருக்குவன மூன்று. முதலாவது, ஓலை. செங்கல் சூளைக்கென்று பனைகள் வெட்டப்பட்ட காலம் நெடியது. பனை நம் மாநில மரம். மாவட்ட ஆட்சியரின் அனுமதியின்றி அதை வெட்டலாகாது என 2021இல் தமிழக அரசு அறிவித்தது. ஆனால் மரம் நின்றாலும் ஏறிக் குருத்து எடுக்க ஆள் வேண்டும். அந்தத் தொழிலில் புதிதாக வருவோர் மிகச் சிலரே. இரண்டாவது, இளம்பெண்கள் படித்து வேறு வேலைகளுக்குச் செல்கின்றனர். இதில் குறை காண்பதற்கு எதுவுமில்லை; படிப்பு அவர்களின் உரிமை. உம்மாவின் கைத்தொழில் கௌரவமும் வருவாயும் தருவதாக இருந்தால், படித்த மகளும் அதை ஒரு தொழிலாக நடத்த முன்வருவாள். மூன்றாவது, விலை. இங்கேதான் நம் பங்கு வருகிறது.

நம் திருமணங்களைச் சற்றுக் கணக்கிட்டுப் பார்ப்போம். மண்டப வாடகையைப் பேரம் பேசாமல் கொடுக்கிறோம். அலங்கார விளக்குக்குக் கொடுக்கிறோம். வந்தோர்க்குத் தரும் இனிப்பைப் பளபளப்பான அட்டைப்பெட்டியிலோ பிளாஸ்டிக் பெட்டியிலோ கொடுக்கிறோம்; மறுநாள் காலை அவை மண்டபத்தின் பின்புறக் குப்பையில் கிடக்கின்றன. ஆனால் ஓலைப்பெட்டி முடையும் பெண்ணிடம் மட்டும், இத்தனை வாங்குகிறோமே, இன்னும் குறைக்கலாகாதா என்று கேட்கிறோம். குருத்து எடுத்தவர் கூலி, உலர்த்தி வார்ந்து சாயமேற்றிய நாட்கள், முடைந்த நேரம் ஆகியவற்றைக் கூட்டிப் பார்த்தால், நாம் குறைப்பது அவளுடைய கூலியைத்தான் என்பது புரியும். உழைத்தவரின் வியர்வை உலரும் முன் கூலியைக் கொடுத்துவிட வேண்டும் என்னும் நபிமொழியை மேடையில் கூறும் நாம், திருமணம் முடிந்து மாதங்கள் சென்ற பின்னும் பாக்கி வைத்திருக்கலாகாது.

ஆடம்பரச் சீரை நாம் ஆதரிப்பதாக யாரும் எண்ண வேண்டாம். பெண் வீட்டாரைக் கசக்கிப் பெறும் சீரும் கைக்கூலியும் எந்தப் பெட்டியில் வந்தாலும் குற்றமே. நாம் கூறுவது இருக்கும் செலவைத் திருப்பிவிடுவது பற்றியது. மறுநாள் குப்பையாகும் பொருளுக்குக் கொடுக்கும் பணத்தை, பல ஆண்டு வீட்டில் புழங்கும் பொருளுக்கும், அதைச் செய்யும் பெண்ணுக்கும் கொடுப்பதே நம் வேண்டுகோள்.

முன்கூட்டிச் சொல்லிச் செய்விக்கும் முறைக்கு நம் ஃபிக்ஹ் நூல்களில் தெளிவான வழி இருக்கிறது. ஹனஃபீ மத்ஹபில் இதனை ‘இஸ்திஸ்னாஉ’ என்பர். அதாவது, ஒரு பொருளை இன்ன அளவில், இன்ன தன்மையில் செய்து தருமாறு கைத்தொழிலாளரிடம் கூறி ஒப்பந்தம் செய்துகொள்வது. இதில் விலையை முன்னதாகவோ, பகுதி பகுதியாகவோ, இறுதியிலோ கொடுக்கலாம். ஷாஃபிஈ மத்ஹபில் இது ‘ஸலம்’ முறையில் அமையும். அதில் ஒப்பந்தம் பேசும் அமர்விலேயே முழு விலையையும் கொடுத்துவிட வேண்டும். நம் கடற்கரை ஊர்களில் இரு மத்ஹபினரும் வாழ்கின்றனர். அவரவர் தம் ஆலிம்களிடம் கேட்டு நடந்துகொள்க. எதுவாயினும், பெட்டியின் நீள அகலம், நிறம், எண்ணிக்கை, விலை, தர வேண்டிய நாள் ஆகியவற்றை எழுதிக்கொள்ள வேண்டும். கடன் கொடுக்கல் வாங்கலை எழுதிக்கொள்ளுமாறு அல்பகரா அத்தியாயத்தின் 282ஆம் வசனம் நமக்குக் கற்பித்திருக்கிறது. பழைய நெசவாளரைக் கடனாளியாக்கிய முன்பணம் நிபந்தனையை அவர்கள் தலையில் ஏற்றியது. நாம் கொடுக்கும் முன்பணம் அவர்கள் ஓலை வாங்கவும், அச்சமின்றி வேலை செய்யவும் துணையாக வேண்டும்.

காலத்தையும் கருதுக. கைவேலை இயந்திரத்தின் வேகத்தில் வராது. மழைக்காலத்தில் ஓலை உலர்வது கடினம். திருமணத்துக்கு ஒரு வாரம் முன்பு நூறு பெட்டி கேட்டால் எந்த வீட்டாலும் தர இயலாது. நிக்காஹ் நாள் குறித்ததும் சொல்லிவிடுவதே முறை. அவ்வாறே ரமளான் தொடங்கும் முன்பே சொல்லி வைத்தால், நோன்புப் பெருநாளில் அண்டை வீட்டாருக்கு அனுப்பும் பலகாரம் ஓலைப்பெட்டியில் செல்லும். ஜமாஅத்துகள் மனம் வைத்தால், தம் மஹல்லாவில் நிகழும் திருமணங்களுக்கான பெட்டிகளைச் சேர்த்துக் கேட்டு, இடைத்தரகர் இன்றிப் பெண்களிடமே விலையைச் சேர்ப்பிக்கலாம். மத்ரஸாப் பிள்ளைகளுக்கு விடுமுறை நாட்களில் ஒரு மூத்த பெண்மணியை அழைத்து விசிறியும் சிறு பெட்டியும் முடையக் கற்பிக்கலாம். குர்ஆனின் வசனங்கள் முதலில் எழுதப்பட்ட பொருள்களுள் பேரீச்ச மட்டையும் ஒன்று என்பதை அப்போது அவர்களுக்கு எடுத்துக் கூறலாம்.

பழவேற்காட்டுத் துணி நம் ஊரின் பெயரை உலகமெங்கும் கொண்டு சென்றது. ஆனால் அதைக் காக்கும் ஆற்றல் அந்த ஊராரிடம் இருக்கவில்லை. அது மலாக்காவிலும் ஆம்ஸ்டர்டாமிலும் லண்டனிலும் தீர்மானிக்கப்பட்டது. ஓலைப்பெட்டியின் நிலை அவ்வாறன்று. அதன் வாழ்வைத் தீர்மானிப்பது எந்த அயல்நாட்டுக் கம்பெனியும் அன்று. அடுத்த திருமணத்துக்குப் பட்டியல் எழுத உட்காரும் நம் வீட்டுப் பெரியவர்களே அதைத் தீர்மானிக்கின்றனர்.

கையால் உழைத்து உண்போரின் உழைப்பில் அல்லாஹ் பரக்கத் செய்வானாக! அவர்களின் உரிமையைக் குறைவின்றிக் கொடுக்கும் மனத்தை நமக்கு அருள்வானாக! ஆமீன்.